துருப் பிடிக்காத ஒன்பது மாதம்

"போதும்மா, கைய விடு. வண்டி வந்து நின்னு அரை மணி நேரமாச்சு," என்றாள் அத்தை.

அவள் விடவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அவருடைய ஆள்காட்டி விரலின் அடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பாவம், விமானத்தை விட்டு இறங்கி நேரே வந்த பெண், அப்பன் கையை விட மனசு வரவில்லை என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அவளோ தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் ஒரு காய்ப்பு இருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் ஹோட்டல் சமையல்கட்டில் கத்தியின் முதுகு அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு. புளியங்கொட்டை அளவு, கல் மாதிரி. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால், நெற்றியில் அப்பா கை வைக்கும்போது முதலில் உறைப்பது அதுதான். இப்போது அங்கே பச்சைப் பிள்ளையின் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது.

காய்ப்பு ஒரு ராத்திரியில் உதிராது. அது அவளுக்குத் தெரியும். அவளும் இரண்டு வருஷம் அதே சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கியவள்தான். அவள் கையிலிருந்த காய்ப்பு, வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏழு மாதம் கழித்துத்தான் மறைந்தது.

தம்பி முந்தாநாள் போனில் சொன்னது வேறு. "நேத்து வரைக்கும் வேலைக்குப் போனாருக்கா. வந்தாரு, சாப்பிட்டாரு, நாற்காலியில சாஞ்சாரு. அவ்வளவுதான். எங்களுக்கே நம்ப முடியல."

அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் அப்பாவின் கால்மாட்டில் நின்று, போர்வையை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் காற்றே இல்லை. போர்வை எங்கே விலகும்?

"போலீஸு, எந்திரி," என்றாள் அத்தை மறுபடி, அவள் தோளைப் பிடித்து. வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். ஆறு வயதில் எறும்பு போன வழியைப் பிடித்துக்கொண்டே போய், சர்க்கரை டப்பாவைத் தம்பியின் தலையணை உறைக்குள் கண்டுபிடித்த நாளில் அப்பா வைத்த பேர்.

அவள் எழுந்தாள். அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

போனவர்கள் திரும்பி வந்து, குளித்து, வாசலில் உட்கார்ந்தபோது பதினொரு மணி இருக்கும். அவள் கூடத்தில் சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் நான்கு வட்டத் தடங்கள் இருந்தன, ஜன்னலோரம், ஒரு ஆள் நீளத்துக்கு. சோபா எப்போதும் எதிர்ச்சுவரில்தான் இருக்கும். பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. ஜன்னல் கம்பியில் ஒரு நூல் கட்டியிருந்தது. அந்த உயரத்தில் எதைத் தொங்கவிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அவள் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். குளுக்கோஸ் பாட்டில் மாட்ட ஸ்டாண்ட் உடைந்த அன்றைக்கு அவளே ஜன்னலில் நூல் கட்டியிருக்கிறாள்.

எதிர்வீட்டு அம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"என்ன பண்றது கண்ணு. போகட்டும், அவருக்கும் விடுதலை. எவ்வளவு நாளா..."

"டீ சாப்பிடுங்கம்மா!" என்று தம்பி மனைவி நடுவில் தட்டை நீட்டினாள். நீட்டிய வேகத்தில் டீ தளும்பியது.

"எவ்வளவு நாளா?" என்றாள் அவள்.

"இல்ல, எவ்வளவு நாளா உன்னைப் பாக்கணும்னு சொல்லிட்டிருந்தாரு," என்று எதிர்வீட்டு அம்மா டீயை ஊதினாள். குடிக்காமல் ஊதிக்கொண்டே இருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். ஒரு ஆள் மறைத்தால் பரவாயில்லை, தெருவே சேர்ந்து சோறு அள்ளிப் போடுகிறது. அவளுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். அப்பா ஒரு நொடியில் போனாரா, மாதக்கணக்காகக் கிடந்து போனாரா? கிடந்திருந்தால், அவளைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? அது தம்பியாக இருந்தால் இந்த வீட்டு வாசற்படியை இன்னொரு தடவை மிதிப்பதில்லை என்று, டீ ஆறுவதற்குள் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் மகள் வந்து கட்டிக்கொண்டபோதும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"அக்கா, ஒரு கத்தி கிடைக்குமா? கயிறு முடிச்சு விழுந்துபோச்சு," என்று வாசலிலிருந்து வாடகை நாற்காலிக்காரர் குரல் கொடுத்தார்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கண் பார்க்கும் முன்பே கை கதவுக்குப் பின்னால் போனது. ஆணியில் அப்பாவின் கத்திச் சுருள் தொங்கியது. தடித்த துணியில் அறை அறையாகத் தைத்து, கத்திகளைச் செருகி, சுருட்டி நாடாவால் கட்டி, தினம் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாரே, அது. எடுத்ததும் கை மேலே போய்விட்டது. கனமே இல்லை. உள்ளே ஒரு கத்தியும் இல்லை.

"அண்ணி, இந்தாங்க," என்று பின்னால் தம்பி மனைவி ஒரு கத்தியை நீட்டினாள். சிவப்பு பிளாஸ்டிக் பிடி. கண்ணாடி மாதிரி பளபளப்பு. துருவே பிடிக்காத எவர்சில்வர்.

அந்தக் கத்தியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அப்பா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவார். நாலைந்து மாதம் முன்பு ஒரு ஞாயிறு, அவர் கையில் கத்தி மின்னியது. அப்பாவின் கத்திகள் மின்னாது. அவை இரும்புக் கத்திகள். வெங்காயச் சாறும் எலுமிச்சைச் சாறும் ஊறி ஊறி நீலம் பாரித்த கருப்பாக இருக்கும். ஹோட்டலுக்குப் புதிதாக வந்த ஒருவன் நல்லது செய்வதாக நினைத்து அந்தக் கருப்பை நார் போட்டுத் தேய்த்துவிட்டான். அப்பா ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. "அழுக்குன்னு நினைச்சியாடா? கருப்புதான்டா அதுக்குச் சட்டை. சட்டையக் கழட்டினா துரு கடிக்கும்" என்றார். அப்படிப்பட்டவர் கையில் மின்னும் கத்தி. "என்னப்பா, புதுக் கத்தியா?" என்று அவள் கேட்டாள். "தேய்ச்சேன், பளபளன்னு ஆயிடுச்சு," என்றார் அப்பா.

அவள் சிவப்புப் பிடிக் கத்தியை வாங்கிப் போய் நாற்காலிக்காரரின் கயிற்றை அறுத்தாள். திரும்பி வந்து தம்பிக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா கத்தியெல்லாம் எங்கடா?"

"ஹோட்டல்ல இருக்கும்கா."

"சுருள் இங்க தொங்குது, கத்தி மட்டும் தானா நடந்து ஹோட்டலுக்குப் போச்சா?"

"எனக்கென்னக்கா தெரியும், நான் என்ன மாஸ்டரா? வந்ததுல இருந்து ஒரு வாய் சாப்பிடல நீ. முதல்ல சாப்பிடு."

நல்ல நேரம், ஹோட்டல் முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். பெரிய உடம்பு. உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுகை நிஜம்தான். ஆனால் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"முதலாளி, அப்பா கத்தி ஹோட்டல்ல இருக்கா?"

"அங்க ஏதும்மா? போன வருஷமே மாஸ்டர் எல்லாத்தையும் எடுத்துட்டு..."

தம்பி இருமினான். வறட்டு இருமல்.

"போன வாரம்," என்றார் முதலாளி. "போன வாரம்னு சொல்ல வந்தேன். துக்கத்துல நாக்கு குழறுது பாரு." கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். இரண்டு நிமிஷத்தில், "வெளிய வேலை இருக்கும்மா," என்று எழுந்து போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, சரியானதை மாட்டிக்கொண்டு, மறுபடி போனார்.

அவளுக்குள் இரண்டு சந்தேகம் இருந்தது, இப்போது மூன்றானது. கத்தியை விற்றுவிட்டார்களா? ஆள் படுத்திருக்கும்போதே அவர் தொழிலை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டார்களா? அவர் கட்டிலில் கிடந்து கேட்டிருப்பாரே, கத்தி எங்கடா என்று? அப்போதும் இவன் இப்படித்தான் இருமினானா?

அவள் தேட ஆரம்பித்தாள். சமையலறைப் பரண், குளியலறை அலமாரி, தம்பியின் கட்டிலுக்கு அடியில். யாரும் தடுக்கவில்லை. துக்க வீட்டில் ஒருத்தி சாமான்களைப் புரட்டினால் அதுவும் அழுகையில் ஒரு வகை என்று விட்டுவிடுவார்கள். அத்தை மட்டும், "என்னத்தடி தேடுற, உயிலையா?" என்றாள். பக்கத்திலிருந்த யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அம்மாவின் அறைக்குள் போனபோது தம்பி மனைவி கூடவே வந்து பீரோவின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"இதுல ஒண்ணும் இல்ல அண்ணி. அத்தை துணி மட்டும்தான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். அவள் கையை நீட்டினாள். தம்பி மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கண் கலங்க, சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

துணிகளுக்கு அடியில் சதுர பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. தூக்கினால் கனம். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நகத்தால் கிழித்துத் திறந்தாள்.

ஐந்து கத்திகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக மெழுகுத் தாளில் சுற்றி, நூல் கட்டி. பெரிய கத்தியைப் பிரித்தாள். ஒரு பொட்டுத் துரு இல்லை. அலகு முழுக்க, முதுகிலிருந்து கூர் வரை, வெள்ளையாக வழவழவென்று பூசியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தாள். வாசலின் களிம்பு.

தாளைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்கு எடுக்கப்போகும் கத்திக்கு யாரும் வாசலின் பூச மாட்டார்கள். வேலை முடிந்ததும் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டு ஒரு இழுப்பு. தினம் அவ்வளவுதான். சமையல் எண்ணெய் நாலு நாளைக்குத்தான் தாங்கும், அப்புறம் பிசுபிசுத்துவிடும். வாசலின் என்பது எப்போது எடுப்போம் என்று தெரியாத கத்திக்கு. துணிச் சுருளிலிருந்து வெளியே எடுத்து வைத்ததும் அதற்குத்தான். துணி ஈரத்தைக் குடித்துக் கத்திக்கு ஊட்டும்.

நேற்று வரை வேலைக்குப் போன ஆளின் கத்தி இது இல்லை.

வாசலினில் விரல் தடங்கள் தெரிந்தன. பூசி அதிக நாள் ஆகவில்லை. அப்பாவின் விரல் அத்தனை மெல்லிசும் இல்லை.

டின்னின் அடியில் ஏதோ சலசலத்தது. கவிழ்த்தாள். சின்னச் சின்ன வெள்ளைக் காகிதப் பைகள் மடியில் கொட்டின. இரண்டு வகை. ஒன்று நீளம், ஒன்று சதுரம். உள்ளே மணி மணியாக ஏதோ உருண்டது. தினம் காலையில் அவள் பிரித்துக் குப்பையில் போடும் பைகள். மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச வைத்திருப்பார்களே, அவை. அட்டையில் வரும் மாத்திரைக்குக் கிடையாது. டப்பாவில் வருவதற்குத்தான், டப்பாவுக்கு ஒன்று. டப்பாவுக்கு முப்பது மாத்திரை, ஒரு மாதத்துக்கு.

தரையில் வரிசையாக வைத்தாள். நீளம் ஒன்பது. சதுரம் ஒன்பது.

மாத்திரை டப்பாக்களை அள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். மருந்துச் சீட்டுகளைக் கிழித்திருக்கிறார்கள். கட்டிலைக் கொண்டுபோய்விட்டார்கள், தரையைப் பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார்கள், தெருவுக்கே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கத்தி டின்னுக்குள் கை விட ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிமிர்ந்தபோது தம்பி அறை வாசலில் நின்றிருந்தான்.

"ஒம்போது மாசம்," என்றாள்.

அவன் கண் தரையிலிருந்த பைகளுக்குப் போனது.

"ஒம்போது மாசம் படுத்திருந்தாரு. நீ எனக்கு வாராவாரம் கதை சொன்ன. அப்பா மார்க்கெட் போயிருக்காரு, அப்பா ஷிஃப்ட்ல இருக்காரு. பெத்த அப்பனப் பத்திப் பேசற பேச்சாடா அது?"

"மெதுவாக்கா. வெளிய ஆளுங்க..."

"வெளிய இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. எதுக்கு மறைச்ச? நான் வந்து நின்னா உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

"எனக்கு ஒண்ணும் குறையாது. உனக்குத்தான்." அவன் உள்ளே வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தான். "அங்கயே தங்கறதுக்கான பேப்பர் வர்றதுக்குள்ள அந்த நாட்ட விட்டு வெளிய போனா மொத்தமும் கேன்சல்னு சொன்னது யாரு? நீதானே? நாலு வருஷ காத்திருப்புப்பான்னு அழுதல்ல? டாக்டர் சொன்ன அன்னைக்கு அப்பா கேட்ட முதல் கேள்வியே அதான். 'அவளுக்கு எப்ப வருதாம்?' வந்த பிறகு சொல்லிக்கலாம், அதுவரைக்கும் என் பேச்ச எடுக்கக் கூடாதுன்னாரு."

"செத்தவரு வந்து சாட்சி சொல்ல மாட்டாருன்னு தைரியமா?"

அவன் முகம் சுருங்கியது.

"பேப்பர் வந்து இருபத்து மூணு நாளாச்சு," என்றாள். "இருபத்து மூணு நாள். அன்னைக்கே போன் பண்ணேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நான் போனைக் கையில எடுத்துட்டேன். அப்பாதான், 'அடுத்த மாசம்தான் டிக்கெட் போட்டிருக்கா, அவசரப்படுத்தாத, அதுவரைக்கும் தாங்கிடுவேன்'னாரு."

"நீ நம்பிட்ட?"

"நான் நம்பலக்கா. அவரு நம்புனாரு."

வாசலில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் மோதிக்கொள்ளும் சத்தம்.

"ஞாயித்துக்கிழமைங்கள்ல?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல இருந்தே அவருக்கு அதுதான் வேலை. சவரம் பண்ணி, சட்டை மாட்டி, ரெண்டு பேரா தூக்கிட்டு வந்து அடுப்பு முன்னாடி உக்கார வைப்போம். என் பொண்டாட்டி முன்னாடியே வெங்காயத்த நறுக்கி வெச்சிடுவா. நறுக்குன வெங்காயத்தையே அவரு மறுபடி நறுக்குவாரு. ஏழு நிமிஷம். அதுக்கு மேல கை நடுங்கிடும். அதான் ஏழாவது நிமிஷம் அவ பின்னால இருந்து 'மாமா, யாரோ வந்திருக்காங்க'ன்னு கத்துவா."

"அவரு கத்தியவே குடுத்திருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்கவே மாட்டேனே."

"குடுத்தோம். வேலை செய்யாத கைக்கு அது எதுக்குன்னுட்டாரு." தம்பி தரையிலிருந்த பைகளில் ஒன்றை எடுத்து விரலால் உருட்டினான். "நீ அன்னைக்குக் கேட்டியேக்கா, புதுக் கத்தியான்னு. எங்க எல்லாருக்கும் ரத்தமே நின்னுபோச்சு. அம்மா கைல இருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா அப்பா தூங்கல. 'போலீஸ் புடிச்சிட்டாடா, இப்ப கூப்பிடுவா பாரு, நாளைக்குக் கூப்பிடுவா பாரு'ன்னுட்டே இருந்தாரு. என்ன சொல்றதுன்னு நாங்க ரிகர்சல் எல்லாம் பாத்து வெச்சிருந்தோம்."

அவன் பையைத் தரையில், வரிசையில் அதன் இடத்திலேயே, திருப்பி வைத்தான்.

"நீ அப்புறம் கேக்கவே இல்ல," என்றான்.

அவன் குத்திக் காட்டுகிறானா, நடந்ததைத்தான் சொல்கிறானா என்று பார்க்க அவன் முகத்தைத் தேடினாள். அதில் ஒன்றும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

கரண்டி விழுந்த சத்தம் அன்றைக்கு அவளுக்கும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் யாரும் மூச்சு விடாத மாதிரி ஒரு அமைதி. அப்பா சிரித்தார். கன்னம் பல்லோடு ஒட்டியிருந்தது. "சரிப்பா, எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு," என்று அவள் வைத்துவிட்டாள். ட்யூட்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இல்லத்தில் உடை மாற்றும் அறையில், ஷூ நாடாவைக் கட்டி முடித்துவிட்டு, போனை மடியில் கவிழ்த்து வைத்து, அந்த அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். பேப்பர் வர அப்போது இன்னும் மூன்று நான்கு மாதம் பாக்கி.

அதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. பைகளை ஒவ்வொன்றாக எடுத்து டின்னுக்குள் போட்டாள். நான்கு கத்திகளையும் அவற்றின் மேல் வைத்தாள். பிரித்த பெரிய கத்தி மட்டும் மடியில் இருந்தது.

"மதியத்துக்கு ஏதாவது வெச்சீங்களா?" என்றாள்.

"அத்தை வீட்ல இருந்து சோறு வருதுன்னாங்க. கூட ஏதாவது செய்யணும்."

அவள் கத்தியையும் தாளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பழைய துணியால் வாசலினை வழித்தெடுத்து, சுடுதண்ணீரில் கழுவித் துடைத்தாள். அடியில் நீலக் கருப்பு அப்படியே இருந்தது. தம்பி மனைவி வெங்காயக் கூடையைக் கொண்டுவந்து வைத்து, தோலுரிக்க உட்கார்ந்தாள்.

"அண்ணி, கோபமா?"

"உரி."

எட்டு வெங்காயம் நறுக்கினாள். ஒன்பதாவதில் கை நின்றுவிட்டது. ஆள்காட்டி விரலின் அடியில், பழைய இடத்திலேயே, கத்தியின் முதுகு சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. கத்தியைச் சாறோடு பலகையில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் மற்ற சத்தம் எதுவும் வெளியே கேட்காது.

குழாயை மூடித் திரும்பியபோது அம்மா பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். காலையிலிருந்து மூலையை விட்டு எழாதவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அந்தக் கத்தியைத் தொட்டால் விரல் போகும் என்று பக்கத்திலேயே வராதவள்.

அம்மா கத்தியை எடுத்துக் கழுவினாள். துண்டை மடித்து முதுகுப் பக்கமாக வைத்து, கூர்ப் பக்கம் நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள். திருப்பி, மறுபக்கமும் அதே மாதிரி. பிடியும் அலகும் சேரும் இடுக்கில் துண்டின் முனையை முறுக்கி நுழைத்து எடுத்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, அலகின் நீளத்துக்கும் பார்த்தாள். ஒன்பது மாதம் பழகிய கை.

பார்த்துக்கொண்டே, திரும்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

அலமாரித் தட்டில் வாசலின் டப்பாவும் சமையல் எண்ணெய்ப் புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மகளின் கை டப்பாவின் பக்கம் போயிற்று. நின்றது. புட்டியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அம்மா புட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியைத் திருகி, துணியில் இரண்டு சொட்டு விட்டாள்.